தூங்கி முழிச்ச லேப்டாப்பும் செல்வமீனா அஞ்சேகாலும்

ஏ மக்கா, எல்லாரும் இப்படி வந்து சிமிண்டு பெஞ்சுல ஒக்காருங்க, பேச்சை நிப்பாட்டுங்க. டீச்சரம்மா, அந்தப் பையைக் கீழ வையுங்க, ஒருத்தரும் தூக்கிட்டுப் போவ மாட்டாவ, உள்ள பரீட்சைப் பேப்பர்தான இருக்கு, தூக்கிட்டுப் போறவன்தான் இருந்து திருத்தணும். ஏல மாப்ள, போனைச் சட்டைப் பையில போடு, அவ எங்கயும் ஓடிர மாட்டா. நாகர்கோயில் வண்டி டயர் பஞ்சராகி வழியில நிக்கி. இப்பதான் கண்டக்டர் கூப்பிட்டாரு, "ஏ கொம்பையா, செத்த நேரமாவும்டே, ஆளுகளைக் கலைய விடாத"ன்னு. அவரு குரலு இப்படித்தான இருக்கும், தகர டப்பாவுல கல்லைப் போட்டு உருட்டின மாதிரி. அதனால உங்களைக் கலைய விடாம வச்சிருக்கது என் பொறுப்பு. ஒரு கதை சொல்லுதேன். வேற எங்கயும் இல்ல, இந்தா நீங்க காலை நீட்டி வச்சிருக்கியளே, அந்த எடத்துல நடந்தது. காலை எடுக்க வேண்டாம். இப்ப அங்க ஒண்ணும் வராது.

டைம் ஆபீஸ் இருக்குல்லா, அந்தா, ஜன்னலுக்குக் கம்பி போட்ட அறை, அதுல ஒக்காந்திருக்கவரு டைம் கீப்பர் பரமார்த்தலிங்கம். இன்னைக்கு லீவு, அதனால தைரியமாப் பேசுதேன். பேரு அத்தாம் பெருசு, ஆளு ஓணான் மாதிரி இருப்பாரு. பொறக்கும்போது வந்த ஜலதோசம் இன்னும் அவரை விட்டுப் போவல, "ஏ ஙொம்பையா, ஙண்டி ஙந்துட்டாடே"ம்பாரு. எந்த வண்டி எப்ப உள்ள வந்துச்சு, எப்ப வெளிய போணும்னு பாத்து விசில் ஊதுறது அவரு வேலை. அவரு ஊதாம ஒரு வண்டியும் அசையக் கூடாது. ஒரு வண்டி கூடக் கொஞ்ச நேரம் நின்னுட்டா, அடுத்த வண்டிக்கு ஏற வேண்டிய சனமெல்லாம் இதுல ஏறிரும், ஏறிட்டுதுன்னா அடுத்த வண்டிக்காரன் எறங்கி வந்து சட்டையப் பிடிப்பான், "என் டைமைத் திங்கியால, என் டைமைத் தின்னுட்டு ஏப்பம் விடுதியால"ம்பான். சோறு திங்கது, கறி திங்கது நீங்க கேட்டிருப்பிய. டைம் திங்கதை இந்த ஸ்டாண்டுலதான் கேக்கலாம்.

இந்தச் சண்டைக்கு ஒரு முடிவு கட்டணும்னு வண்டி மொதலாளிமாரெல்லாம் சேந்து அவருக்கு ஒரு லேப்டாப்பு குடுத்தாவ. பழசுதான், யாரோ வச்சிருந்து கழிச்சது. சுவத்துக் கடிகாரத்தைக் கழத்திட்டு, இனிமே இது காட்டுறதுதான் நேரம்னு சொல்லிட்டாவ. சாருக்கு அதுல ரெண்டு வித்தைதான் தெரியும், மூடுறது, தொறக்கது. டீ குடிக்கப் போனா மூடுவாரு, வந்தாத் தொறப்பாரு. மூடினா அது தூங்கிரும். தூங்கி முழிச்சா அதுக்கு நேரம் தெரியாது. நாம மத்தியானம் நல்லா அசந்து தூங்கிட்டு, சாயங்காலம் எந்திரிச்சு, விடிஞ்சிட்டுன்னு நெனச்சு பல்லு வெளக்கப் போவோம்லா, அந்தக் கூத்துதான். மூடின நேரத்தையே காட்டிக்கிட்டு நிக்கும். சார் அதைத் தட்டிப் பாத்தாரு, அணைச்சுப் போட்டுப் பாத்தாரு, முழிச்ச ஒடனே வெரட்டாம கொஞ்ச நேரம் சும்மா விட்டுப் பாத்தாரு, பெறவு ஒண்ணு கண்டுபிடிச்சாரு, சுவத்துல இருக்க நெட்டுப் பெட்டியில பச்சை வெளிச்சம் வந்துட்டா லேப்டாப்பு யாருட்டயோ கேட்டுக்கிட்ட மாதிரி திடுக்குன்னு சரியான நேரத்துக்குத் தாவிரும். நம்ம ஊரு நெட்டு எப்படின்னு உங்களுக்குத் தெரியும், சம்பந்தி வீட்டு மாப்பிள்ளை மாதிரி, அதுக்கா தோணினாத்தான் வரும். அதுவரைக்கும் இந்த ஸ்டாண்டுக்கு நேரம் கெடையாது.

போன ஐப்பசியில ஒரு நாளு, மழை பேஞ்சு ஓஞ்சு, சாயங்கால வெயிலு அரைக்கண்ணைத் தொறந்து பாத்துக்கிட்டிருக்கு, சார் டீ குடிச்சுட்டு வந்து மூடியைத் தொறந்தாரு. தொறந்தவரு அப்படியே நின்னாரு. மணி அஞ்சேகாலைக் காட்டுது. தேதி பதினஞ்சு பதினாறு வருசத்துக்கு முந்தின ஒரு ஐப்பசித் தேதி. அந்த லேப்டாப்பு பொறந்து அத்தனை வருசம் ஆயிருக்காது, அது பொறக்காத காலத்துத் தேதியைக் காட்டிட்டு நிக்கி. சார் கண்ணாடியைத் தொடச்சுட்டுப் பாக்காரு. நான் அதைப் பாக்கல, தரையைப் பாத்தேன். தரையில ஒரு நெழலு விழுது, வேப்ப மரத்து நெழலு, கொப்பெல்லாம் அசையுது. அந்த மரத்தை ஸ்டாண்டுக்குத் தளம் போடும்போது வெட்டியாச்சு. மரம் இல்ல. நெழலு ஆடிக்கிட்டுக் கெடக்கு.

அந்த நெழலுக்குள்ள வந்து நின்னுச்சு செல்வமீனா.

நீல ஒடம்பு, மஞ்சக் கோடு, முன்கண்ணாடியில எலுமிச்சம்பழம். அஞ்சேகால் வண்டி. நெடுங்குளத்துக் கரை வளைவுல தண்ணிக்குள்ள போன வண்டி. அதை மேல தூக்கினப்ப நானும் வடம் பிடிச்சிருக்கேன், பெறவு இரும்புக் கடையில அதை வெட்டினதையும் பாத்திருக்கேன், இப்ப அது கெட்டியா, டயர்ல சேறு இல்லாம, இன்ஜின் ஓடிக்கிட்டு வந்து நிக்கி. நான் என்ன செஞ்சேன்ங்கிய? கூவினேன். வண்டி வந்தா கூவணும்லா, "நெடுங்குளம், மேட்டுத்தெரு, கடற்கரை வெலக்கு, ஏறு ஏறு ஏறு"ன்னு நல்லா ராகமாக் கூவிட்டுத்தான் வாயைப் பொத்தினேன்.

ஒருத்தரும் ஓடல. ஓடுவாவன்னு நீங்க நெனைப்பிய. டீக்கடை மைதீன் பாய் கையில டீ கிளாஸோட வண்டி ஜன்னலுக்குக் கீழ வந்து நின்னாரு. ஜன்னலோரத்துல இருந்த எங்க தெரு நாட்டு வைத்தியரு அவரை ஏற எறங்கப் பாத்துட்டு, "என்ன பாய், காலைல தாடி கருப்பால்ல இருந்துச்சு, மாவு மில்லுக்குப் போயிட்டு வாரியளோ"ன்னாரு. பாய்க்கு வைத்தியரோட சாவுக்குப் போய்த் தோளு குடுத்த ஞாபகம் வந்திருக்கும். ஆனாலும் கண்ணு இமைக்காம, "ஆமாண்ணே, இன்னைக்கு மில்லுல ஒரே கூட்டம்"னுட்டு டீயை நீட்டினாரு. அதுதான் மொதப் பொய். அதுக்குப் பெறவு இந்த ஊரே சொன்ன பொய்யெல்லாம் அந்த ஒரு பொய்க்குப் பொறந்த பிள்ளைங்கதான்.

பச்சை வெளிச்சம் வந்துச்சு. லேப்டாப்பு திடுக்குன்னு தாவுச்சு. வண்டியைக் காணும். நெழலைக் காணும். வண்டி நின்ன எடத்துல கொளத்து வாடை, கொஞ்சம் ஆகாயத்தாமரை, துள்ளிக்கிட்டு ரெண்டு மூணு கெண்டைக் குஞ்சு. மைதீன் பாய் கையில டீ கிளாஸு, வைத்தியரு வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்தது. டீ கொறையல. பனி மாதிரி குளுந்து போயிருந்துச்சு.

மறுநாளும் வந்துச்சு. அதுக்கு மறுநாளும் வந்துச்சு. சார் மூடித் தொறந்தா வரும், பச்சை வெளிச்சம் வந்தாப் போயிரும். நம்ம ஆளுக அதைப் பழகிக்கிட்டது இருக்கே, அதைத்தான் நான் சொல்லணும். நெடுங்குளத்துல இருந்தும் மேட்டுத்தெருவுல இருந்தும் அவிய அவிய வீட்டு ஆளைப் பாக்க சனம் வர ஆரம்பிச்சுது, ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போற மாதிரி தூக்குவாளியும் பழமுமா வந்து ஜன்னலுக்குக் கீழ நிக்கும். உள்ள இருக்கவங்களுக்கு அது இன்னும் அதே நாளுதான். சிலருக்கு நம்மளை அடையாளம் தெரிஞ்சுது, சிலருக்கு எடுத்துச் சொல்லணும். "ஏட்டி, வீட்டைப் பூட்டினியா, கோழியை அடைச்சியா"ன்னு கேப்பாவ. வீட்டை வித்து, கோழியைத் தின்னு, அந்தக் கோழியோட பேரன் பேத்தியையும் தின்னாச்சு. "அடைச்சுட்டேன்"ன்னு சொல்லணும். தேதி தெரிஞ்சிரக் கூடாதுன்னு கடைகள்ல காலண்டரைத் திருப்பிப் போட்டாவ. பேப்பர் கடைக்காரர் பேப்பரை உள்ள பொறமா மடிச்சுத் தொங்கவிட்டாரு. பெரிய பெரிய போனையெல்லாம் மடியில ஒளிச்சுக்கிட்டாவ. எங்க பஞ்சாயத்துப் பெருசு ஒண்ணு அதைக் காதுல வச்சுப் பேசிக்கிட்டே போயி மாட்டிக்கிட்டு, "இது என்னங்க கையில"ன்னு உள்ள இருந்து கேட்டப்ப, "மொகம் பாக்குற கண்ணாடி"ன்னு சொல்லி, சட்டைப் பையில இருந்த சீப்பை எடுத்து அதைப் பாத்துத் தலை சீவிக் காட்டிச்சு. தலையில முடி கெடையாது.

நெட்டு வரக் கூடாதுன்னு இசக்கியம்மனுக்கு நேந்துக்கிட்டது ஒலகத்துலயே நம்ம வேலாங்குறிச்சி சனமாத்தான் இருக்கும். நெட்டுப் பெட்டி மேல அண்டாவைக் கவுத்தினாவ. அதுக்கு மேல ஈரச் சாக்கைப் போட்டாவ. லேப்டாப்புக்குத் திருநீறு பூசினாவ, அது தூங்கும்போது ஆபீஸ் வாசல்ல நின்னு சத்தம் போடக் கூடாதுன்னு போர்டு எழுதி வச்சாவ. பூனைகளைக் கேக்கவே வேண்டாம், கெண்டைக் குஞ்சு திங்க ஊருப் பூனையெல்லாம் டீ நேரத்துக்கே வந்து வரிசையா ஒக்காந்துக்கிடும். இந்த ஊருல சரியான நேரம் தெரிஞ்சது அதுகளுக்கு மட்டுந்தான்.

தாவீதுன்னு ஒருத்தன். மேட்டுத்தெருவுல வெல்டிங் பட்டறை வச்சிருக்கான். அவன் பொஞ்சாதி நடு ஜன்னல்ல இருப்பா, மடியில பிள்ளை. கிரேஸின்னு பேரு. அந்த அஞ்சேகாலுக்குப் பிள்ளை தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. அதனால எப்பவும் தூங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. தெனமும் பிஸ்கட் பாக்கெட்டோட வந்து நின்னுக்கிட்டு, "எழுப்பேன் ஒரு மட்டம்"பான். அவ, "இப்பத்தான் கண்ணசந்திருக்கு, எழுப்பினா அழும், வீட்டுல வந்து பாத்துக்கிடுங்க"ம்பா. தெனமும் இதே பேச்சு. பிள்ளை கன்னம் தெரியும், இமை தெரியும், கண்ணு தெரியாது. அந்தக் கண்ணு என்ன நெறம்னு எனக்கு மறந்து போச்சு கொம்பையான்னு ஒருநாளு எங்கிட்டச் சொன்னான்.

இப்ப டிரைவருக்கு வாரேன். நல்லபெருமாள் அண்ணன். ஸ்டியரிங் மேல கையை வச்சுக்கிட்டு, கிளச்சை மிதிச்ச காலை எடுக்காம இருப்பாரு. அன்னைக்கு முன்னால போன ராஜகனி வண்டிக்காரன் இவரு டைமைத் தின்னுட்டான், இவரு அதைப் பிடிக்கக் கொளத்துக் கரையில வெரட்டினாரு, அப்படித்தான் வண்டி தண்ணிக்குள்ள போச்சு. போனவரு அவரும்தான். ஆனா ஏசுறதுக்கு ஒரு ஆளு வேணும்லா. அவரு பொஞ்சாதி இருந்தா. கட்டி ரெண்டு வருசம் ஆவல. அவ வீட்டு ஓட்டு மேல கல்லு விழுந்துச்சு, வாசல்ல மண்ணை வாரித் தூத்தினாவ, கொழாயடியில அவ கொடத்தை எத்தி விட்டாவ. அவ ஒருத்தரையும் ஒண்ணும் சொல்லல. அப்பப் பேச்சை நிப்பாட்டினவதான். கோமதி, நான் கோமு மதினின்னு கூப்பிடுவேன். அந்தா, சைக்கிள் ஸ்டாண்டு வாசல்ல ஸ்டூல்ல ஒக்காந்து டோக்கனுக்குக் கயிறு கோத்துக்கிட்டு இருக்காவளே, அவியதான். திரும்பிப் பாக்காதீங்க எல்லாரும் ஒண்ணா. கேட்டுக்கிட்டுத்தான் இருக்காவ. வாயைத் தொறக்க மாட்டாவ.

கல்லெறிஞ்ச அதே சனந்தான் இப்பத் தெனமும் டிரைவரு ஜன்னல்ல போயிக் கெஞ்சுது. "ஏ நல்லபெருமாளு, செத்த இருப்பா, எடுத்துராத." "அண்ணாச்சி, என் தங்கச்சிகிட்ட ரெண்டு வார்த்தை பேசிக்கிடுதேன்." எடுத்தா எங்க போவாருன்னு எல்லாருக்கும் தெரியும். அவரு பதறுவாரு. "டைம் ஆயிட்டுய்யா, ஆளு எட்டிப் போயிட்டான், சார், விசில் ஊதுங்க சார்"ம்பாரு. பரமார்த்தலிங்கம் சாரு விசிலை வாயில வச்சுக்கிட்டு நிப்பாரு. ஊத மாட்டாரு. "ஙொஞ்சம் ஙொறுங்க, ஙொறுங்க"ம்பாரு. கண்ணுல தண்ணி ஓடும். ஜலதோசம்னு சொல்லிக்கிடுவாரு.

ஊரே வந்து பாத்துச்சு, மதினி மட்டும் வரல. இங்க இருந்து அங்க எத்தனை தூரம், ஒரு சைக்கிளைச் சாத்துற தூரம். ஸ்டூலைத் திருப்பிப் போட்டு வண்டிக்கு முதுகைக் காட்டி ஒக்காந்துக்கிட்டாவ. பொம்பளையெல்லாம் போயிச் சொல்லிப் பாத்தாவ, "ஏட்டி, ஒரு மட்டம் பாத்துட்டு வாயேன்"ன்னு. பெறவு அவியளே தங்களுக்குள்ள, "சும்மா இருங்கட்டி, அவ போயி ஏறிட்டான்னா? அவரு வான்னா இவ போயிருவா, இவளுக்கு இங்க என்ன இருக்கு"ன்னும் சொல்லிக்கிட்டாவ. அதுதான் எல்லாருக்கும் பயம். எனக்கும்தான்.

இப்படியே போயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா வண்டிக்குள்ள ஒரு அசதி வந்துச்சு. அவியளுக்கு அது ஒரே நாளுதான், ஆனா ஒடம்புக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. வைத்தியரு ஒருநாளு, "என்னமோ தெரியல பாய், ரொம்ப நாளா ஒக்காந்தே இருக்க மாதிரி இடுப்பு கடுக்கு"ன்னாரு. குரலெல்லாம் மெலிய ஆரம்பிச்சுது. தூக்குவாளியை நீட்டினா வாங்கக் கை வராது. ஜன்னல்ல மொகம் மொகமாச் சாஞ்சு கெடக்கும், கண்ணு நம்மளைப் பாக்காது, நமக்குப் பின்னால ரோட்டைப் பாக்கும். "இன்னும் எடுக்கலியா, இன்னும் எடுக்கலியா"ன்னு மட்டும் கேக்கும். இவிய சிரிச்சுக்கிட்டே, "இந்தா இப்ப எடுத்துருவாவ"ம்பாவ. டிரைவரு அண்ணன் ஒருநாளு ஏங்கிட்ட மெதுவாச் சொன்னாரு, "கொம்பையா, யாரோ என் டைமைத் திங்கானுவடே. ராஜகனிக்காரன் இல்ல. யாருன்னு புரியல." நாங்க அம்புட்டுப் பேரும் ஜன்னலுக்குக் கீழ நிக்கோம்.

அதுக்குள்ள இப்ப ஓடுற அஞ்சேகால்காரன், நிக்க எடமில்லாம ரோட்டுல நின்னு நின்னு கடுப்பாகி, "செத்த வண்டி என் டைமைத் திங்கி, இதை நான் எந்தக் கோர்ட்டுல போயிச் சொல்ல"ன்னு மொதலாளிமாருகிட்ட அழுதுட்டான். அவிய தூத்துக்குடியில இருந்து கம்ப்யூட்டர் பாக்குற ஒரு தம்பியை அனுப்பினாவ. ஜெபசிங்னு பேரு. நல்ல பையன், பேச்சு மட்டும் பாதி புரியாது. "சார், சிஸ்டம் ஸ்லீப்புல இருந்து வேக் ஆகும்போது கிளாக் சிங்க் ஆகல சார், உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அது டெட் சார்"ன்னான். டெட்டுன்ன ஒடனே பொம்பளைங்க மாரடிச்சு அழ ஆரம்பிச்சுட்டாவ. தாவீது வந்து ஆபீஸ் வாசல்ல குறுக்க படுத்துட்டான். "தூங்குற பிள்ளை என்னைக்காவது முழிக்கும்லா, அதுவரைக்கும் அதைத் தொடாத தம்பி"ங்கான். ஜெபசிங் அவனைத் தாண்டிப் போவ மாட்டேன்னுட்டான். பெறவு மொதலாளி ஆளுக வந்து தாவீதைத் தூக்கி ஓரமா வச்சாவ. புதுப் பேட்டரியைப் போட்டாச்சு. மூடினா, தொறந்தா, மூடினா, தொறந்தா, கிளி மாதிரி சரியான நேரம் சொல்லுது. அண்டாவை எடுத்தாச்சு. அஞ்சேகாலுக்கு இப்ப ஓடுற வண்டி வந்து நின்னுச்சு. அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு எல்லாரும் மூக்கைச் சிந்திட்டு வீட்டுக்குப் போனோம்.

முடியல. மறுநாளு சாயங்காலம் ஸ்டாண்டுல நிக்கோம், ஹாரன் கேக்கு. செல்வமீனா ஹாரனு, எனக்குத் தெரியும், மாடு கன்னைத் தேடுற மாதிரி இழுக்கும். வண்டியைக் காணும். ஹாரன் மேலத்தெருப் பக்கம் கேக்கு, பெறவு கோயில் பொறத்தால கேக்கு, பெறவு இந்தா மதிலுக்கு அந்தாண்ட கேக்கு. உள்ள வர வழி தேடுது. அதுக்கு நிக்கதுக்கு இருந்த நேரத்தை நாம எடுத்துட்டோம்லா, அது எங்க வந்து நிக்கும்? விடிஞ்சும் சுத்துது, மத்தியானமும் சுத்துது. ஜன்னலைச் சாத்தினாலும் கேக்கு. உள்ள இருக்கவங்க கொரலும் கேக்கும், "ஸ்டாண்டு எங்க, ஸ்டாண்டைக் காணுமே"ன்னு. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க காதைப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. மைதீன் பாய் டீ ஆத்தும்போது பாதி தரைக்குத்தான் போச்சு. கடைசியில ஜெபசிங்கைத் திரும்பக் கூப்பிட்டு, "ஏ தம்பி, அந்தச் செத்த பேட்டரியைத் தூரப் போட்டியா, வச்சிருக்கியா"ன்னு கேட்டோம். சட்டைப் பையிலயே வச்சிருந்தான். "எனக்கும் ராத்திரி தூக்கம் இல்ல சார்"ன்னான். திரும்பப் போட்டான். நெட்டுப் பெட்டி மேல அண்டாவையும் பழையபடி கவுத்தியாச்சு.

சார் மூடினாரு. தொறந்தாரு. நெழலு விழுந்துச்சு. வண்டி வந்து நின்னுச்சு.

ஆனா அவிய இப்ப வேற மாதிரி இருந்தாவ. தலைமுடியெல்லாம் ஈரமா நெத்தியில ஒட்டிக் கெடக்கு. வைத்தியரு பாயைப் பாத்தாரு, யாருன்னு தெரியல. எங்க சனமும் அன்னைக்கு ஜன்னல் கிட்டப் போவல, தூக்குவாளியைக் கையில வச்சுக்கிட்டுத் தள்ளி நின்னாவ. அவியளை விட்டுரணும்னு எல்லாருக்கும் தெரியுது. ஆரு விடுறது? சார் விசிலை வாயில வைக்காரு, எடுக்காரு, வைக்காரு, எடுக்காரு. இன்ஜின் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு.

அப்பத்தான் ஸ்டூல் இழுபடுற சத்தம் கேட்டுச்சு.

மதினி எந்திரிச்சாவ. சேலையை ஒதறி விட்டாவ. நேரா நடந்து வந்தாவ, நாங்க வழி விட்டோம், கொழாயடியில கொடத்தை எத்தினவளும் வழி விட்டா. முன்படியில காலை வச்சாவ. ஏறிட்டாவ. ஏறி, டிரைவரு சீட்டுக்குப் பக்கத்துல, இன்ஜின் மூடி ஓரமா நின்னாவ. எனக்கு வெளிய இருந்து அவிய முதுகுதான் தெரியுது. நரைச்ச கொண்டை. அண்ணன் மொகம் தெரியுது, அதே இருபத்தாறு இருபத்தேழு வயசு மொகம், மீசை நல்லா முறுக்கி விட்டு. அவரு என்னமோ சொல்லுதாரு. இவிய குனிஞ்சு கேக்காவ. அவரு திரும்பச் சொல்லுதாரு, கையை நீட்டி சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் காட்டுதாரு. எங்க ஆளுகள்ல ஒருத்தி, "போயிட்டா, அவ போயிட்டாட்டி"ன்னு முணுமுணுக்கா. வண்டி மறைஞ்சா அவளாவது மிஞ்சுவான்னு யாரோ ஓடிப் போயி நெட்டுப் பெட்டி மேல இருந்த அண்டாவை எடுக்கப் பாக்காவ, சார் தடுத்துட்டாரு. "ஙொடாத, அவ ஙிருப்பம்"னாரு.

மதினி எறங்கினாவ.

எறங்கி நேரா டைம் ஆபீஸுக்குள்ள போயி, பரமார்த்தலிங்கம் சாரு கையில இருந்த விசிலை வாங்கி, தன் சேலைத் தலைப்புல ஒரு தொடை தொடச்சு, ஊதினாவ. நாங்க மதினி குரலையே மறந்து போயிருந்தோம். அந்த விசிலைத்தான் கேட்டோம். நீளமா, ஒரே மூச்சுல.

அண்ணன் கியர் போட்டாரு. வண்டி ஒரு குலுங்கு குலுங்கிச்சு. அந்தக் குலுங்கலுக்கு, தாவீது பொஞ்சாதி மடியில, பிள்ளை முழிச்சுது. முழிச்சு, கன்னத்தைத் தேச்சுக்கிட்டு, ஜன்னல் வழியாப் பாத்துச்சு. தாவீது நிக்கான். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டே இருக்கு, வண்டி அவனைத் தாண்டுற வரைக்கும். பிஸ்கட்டை நீட்டவும் அவனுக்குத் தோணல. வண்டி வெளிய போயி கொளத்துப் பக்கம் திரும்புச்சு. வெரட்டல. ஆடி அசைஞ்சு, தேரு திரும்புற மாதிரி மெதுவாத் திரும்பிப் போச்சு. ஹாரன் அடிக்கல. லேப்டாப்பு, பச்சை வெளிச்சம் வராமலே, தானா நேரத்தைச் சரி பண்ணிக்கிட்டுது. அன்னைக்குப் பெறவு ஒரு நாளும் அது தப்பல. பேட்டரி இன்னும் அதே செத்த பேட்டரிதான். தாவீதுகிட்டக் கேட்டுப் பாருங்க, "தேன் நெறம்யா"ம்பான், எதை எதைன்னு கேக்காமலே சொல்லுவான்.

எல்லாஞ் சரி. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தீரல. வண்டிக்குள்ள அவிய ரெண்டு பேரும் என்ன பேசினாவ? இந்த ஊருல எவன் பேச்சையும் நான் பேசிக் காட்டுவேன், இது மட்டும் என் காதுல விழல. நானாத்தான் இட்டுக்கட்டிக்கிட வேண்டியிருக்கு. அண்ணன் இப்படிச் சொல்லிருப்பாரு, நெஞ்சுல கை வச்சுக்கிட்டு, "ஏ கோமு, ஒன்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டேனே, வா தாயி, இந்த சீட்டு ஒனக்குத்தான்." மதினி மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "மாமா, நீங்க இல்லாம இந்த ஊருல நான் எப்படி இருந்தேன் தெரியுமா." சிரிக்காதீங்க டீச்சரம்மா, பொம்பளைக் குரலு எனக்குக் கொஞ்சம் கட்டைதான். ஆனா அப்படிக் கூப்பிட்டிருந்தா ஏறினவுக எதுக்கு எறங்கினாவ? பயமா, கோவமா, இந்தத் தகர டோக்கனை விட்டுட்டுப் போவ மனசு வரலியா? கேட்டா மட்டும் சொல்லிரவா போறாவ. பேசினா முத்து உதுந்துருமே. என்ன மதினி, நான் சொன்னது சரிதான?

அவிய கயிறு கோத்துக்கிட்டு இருந்த டோக்கனைக் கீழ வச்சாவ.

"அவருக்கு என்னையத் தெரியல. 'ஏக்கா, கோமதின்னு ஒரு பிள்ளை சைக்கிள் ஸ்டாண்டு பக்கமா என்னையத் தேடி வரும், காத்துக்கிட்டு நிக்க வேண்டாம்னு சொல்லிருங்க'ன்னாரு. 'சரி தம்பி'ன்னேன். சொல்லணும்ல கொம்பையா, அதான் எறங்கினேன்."